மழைக்காலத்தில் திறக்க மறுக்கும் இரட்டைக்குழல்: போல்ட்தான் காரணமா?

ஆறு ஏக்கர் (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பெரிய தோட்டம் ஒன்றின் எல்லையை ஒட்டி எங்களுக்கு ஆறு ஏக்கர் செம்பனை இருக்கிறது. மறுநடவு செய்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத கன்றுகளின் அடியைக் காட்டுப்பன்றிகள் பிளந்து குருத்தைத் தின்றுவிடுகின்றன. துப்பாக்கி உரிமமும், வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் வழங்கும் வேட்டை உரிமமும் என் பெயரில் முறையாக உள்ளன.

என்னிடம் இருப்பது அப்பா வைத்திருந்த 12 போர் (குழலின் அளவு) இரட்டைக்குழல். குழல்கள் பக்கம் பக்கமாக அமைந்த, ஊசியை அடிக்கும் குதிரைகள் இரண்டும் வெளியே தெரிகிற பழைய செனாப்பாங் பாத்தா, அதாவது நடுவில் மடித்துத் திறக்கும் துப்பாக்கி. முன்விசை வலக்குழலையும் பின்விசை இடக்குழலையும் சுடும்.

சில மாதங்களாக இதைத் திறப்பது பெரும்பாடாக இருக்கிறது. மேலே உள்ள நெம்புகோலை வலப்பக்கம் தள்ளினால் பாதி வரை வந்து இறுகி நிற்கிறது. விட்டால் நடுவுக்குத் திரும்பி வராமல் சற்றுக் கோணலாகவே நிற்கிறது. சுட்ட பிறகு நிலைமை இன்னும் மோசம்; குழலை முழங்காலில் வைத்து அழுத்தினால்தான் மடங்குகிறது. அக்டோபரில் மழை பிடித்ததிலிருந்து இது அதிகமாகிவிட்டது. துரு நீக்கும் ஸ்பிரே அடித்தேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் பழைய கதைதான்.

பூட்டும் போல்ட் தேய்ந்து பிசிறு தட்டியிருக்கும், அரத்தால் நான்கு இழு இழுத்தால் சரியாகிவிடும் என்று மோட்டார் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சொல்கிறார். எனக்குத் துணிவு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அரம் போடலாமா?

பழைய கிராணி (கோலகங்சார்)

தம்பி, அரத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்ட அலுவலகத்தில் இருந்தவன். தோட்டத்துத் துப்பாக்கிகளின் பதிவேடும் தோட்டாக் கணக்கும் என் பொறுப்பில் இருந்ததால் அவற்றைச் செப்பனிட்டவர்களோடு நிறையப் பழகியிருக்கிறேன். அரம் போட்டுக் கெட்ட துப்பாக்கி ஒன்று என் கண்ணெதிரே இருந்தது. அதைப் பிறகு யாராலும் மீட்க முடியவில்லை.

குழல்களுக்கு அடியில் கொக்கி போன்ற இரண்டு இரும்புத் திமில்கள் இருக்கும். அவற்றில் வெட்டியிருக்கும் பள்ளங்களுக்குள் ஒரு தட்டையான போல்ட் முன்னும் பின்னும் வழுக்கிப் பூட்டுகிறது. நெம்புகோலைத் தள்ளும்போது போல்ட் பின்வாங்கும். விடும்போது வில் அதை முன்னே தள்ளும். 1863இல் லண்டன் பர்டி பட்டறை காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றைக்கும் பெரும்பாலான பக்கவாட்டு இரட்டைக்குழல்கள் இந்த முறையில்தான் பூட்டிக்கொள்கின்றன. போல்ட்டின் மேல்முகம் மெல்லிய சரிவாக இருப்பதால், தேயத் தேய இன்னும் சற்று முன்னே சென்று இறுக்கிக்கொள்ளும். ஆகையால் தேய்ந்த துப்பாக்கியில் நெம்புகோல் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய் நிற்கும். உங்களுடையது எந்தப் பக்கம் கோணியிருக்கிறது? வலப்பக்கமாக நின்றால் போல்ட் முழுதாக முன்னே போகவில்லை என்று பொருள். அது தேய்மானத்தின் அடையாளமே அல்ல. ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது.

அரம் போட்டால் அந்தச் சரிவு போய்விடும். குழலின் பின்முகத்துக்கும் அதைத் தாங்கும் முகத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு வெடியும் உங்கள் முகத்துக்கு அருகில் ஒரு சூதாட்டம்.

மருந்து சொல்வதற்கு முன் சில விவரங்கள் தேவை. துப்பாக்கி காலியாக இருக்கும்போது எப்படித் திறக்கிறது, சுட்ட பிறகு எப்படித் திறக்கிறது? ஒரு குழலை மட்டும் சுட்டால் எப்படி, இரண்டையும் சுட்டால் எப்படி? அப்பா எந்த எண்ணெய் போட்டார்? எங்கே, எந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள்? குழலின் அடியில் தோட்டா அறையின் நீளம் என்ன பொறித்திருக்கிறது, நீங்கள் போடும் தோட்டாவின் நீளம் என்ன? காலியாக இருப்பதை இரண்டு முறை கண்ணாலும் ஒரு முறை விரலாலும் உறுதி செய்துகொண்டு பார்த்துச் சொல்லுங்கள்.

பெர்த் பயணி (பிறந்தது சுங்கை சிப்புட், இப்போது மேற்கு ஆஸ்திரேலியா)

ஊர்ப்பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே உரிமத்தோடு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வைத்திருக்கிறேன். நண்பரின் பண்ணையில் காட்டு ஆடு, பன்றி வேட்டைக்குப் போவதுண்டு. உங்கள் துப்பாக்கி வேறு வகை என்றாலும், போல்ட் இறுகும் தொல்லையில் நான் இரண்டு ஆண்டுகள் உழன்றவன் என்பதால் நான் கற்றுக்கொண்ட வழியைச் சொல்கிறேன்.

ரைஃபிளில் ‘போல்ட் இறுகுகிறது’ என்று மொத்தமாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. கைப்பிடியை மேலே தூக்கும்போதா, பின்னால் இழுக்கும்போதா, முன்னே தள்ளும்போதா, கீழே மடக்கும்போதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1898ஆம் ஆண்டு மவுசர் வழியில் வந்த ரைஃபிள்களில் கைப்பிடியைத் தூக்கும்போதே, தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியின் வில் இறுக்கப்படுகிறது. அங்கே உள்ள சாய்வுமுகம் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருந்தால், தோட்டாவே இல்லாதபோதும் தூக்குவது கடினமாக இருக்கும். ஒரு துளி கிரீஸில் தீர்ந்துவிடும். நம் ஊரில் மலாயா அவசரகாலத்தில் தோட்டக் காவலர்கள் தூக்கித் திரிந்த லீ என்ஃபீல்டில் போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போதுதான் வில் இறுகும். அதனால் தூக்குவது இலேசாக இருக்கும், மூடுவதில்தான் பாரம் தெரியும்.

காலியாக இருக்கும்போது வெண்ணெய் போல ஓடிய போல்ட் சுட்ட பிறகு மட்டும் இறுகினால், தோட்டா அறையில் அழுக்கோ துருவோ இருக்கலாம், அறையில் எண்ணெய் தங்கியிருக்கலாம், அல்லது வெடியின் அழுத்தம் அளவு கடந்திருக்கலாம். காலியாக இருந்தும் ஒரே இடத்தில் இடித்தால் வேறு எதையோ தேட வேண்டும். என்னுடையதில் கடைசியில் அகப்பட்டது என்ன தெரியுமா? தொலைநோக்கியைப் பிடித்திருந்த முன் திருகாணி அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்து போல்ட்டின் காதில் உரசிக்கொண்டிருந்தது. தொலைநோக்கியைக் கழற்றிவிட்டுப் போல்ட்டை ஓட்டிப் பார்க்க எனக்கு இரண்டு ஆண்டுகள் தோன்றவில்லை. மழையில் ஊறி உப்பிய மரக்கட்டையில் கைப்பிடி உரசுவதும் உண்டு. கைப்பிடியின் அடியில் தாளைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சுட்ட பிறகு மோசமாகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், எனக்குத் தோட்டாவின் மேல்தான் ஐயம். பழைய துப்பாக்கியில் வீரியம் மிகுந்த புதுத் தோட்டாவைப் போடுகிறீர்களோ?

ஆறு ஏக்கர்

கிராணி ஐயாவுக்கும் பெர்த் அண்ணனுக்கும் நன்றி. நேற்று மாலை மின்விளக்கடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

நெம்புகோல் வலப்பக்கம்தான் நிற்கிறது. குழலடியில் 70 என்று பொறித்திருக்கிறது. நான் போடும் தோட்டாவும் 70 மில்லிமீட்டர்தான். காலியாக இருக்கும்போது நெம்புகோல் தேன் பாத்திரத்தில் கரண்டியைச் சுழற்றுவது போல மெதுவாகக் கனத்து நகர்கிறது, ஆனால் குழல் எளிதாக மடங்கிவிடுகிறது. உயிர்த்தோட்டாவை உள்ளே போட்டுச் சுடாமல் திறந்தாலும் இப்படித்தான்.

சனிக்கிழமை தோட்டத்தில் மண்மேட்டை நோக்கி நான்கு தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தேன். இடக்குழலை மட்டும் சுட்டபோது நெம்புகோலின் கனத்தைத் தவிர வேறு தொல்லை இல்லை. வலக்குழலை மட்டும் சுட்டபோது, நெம்புகோல் முழுதாக வந்த பிறகும் குழல் அசையவே இல்லை. முழங்காலில் வைத்து அழுத்தியதும் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு மடங்கியது. அதன் பிறகு ஓடு கையால் உருவும் அளவுக்கு இலேசாக வந்துவிட்டது. மறுமுறையும் அதே கதைதான்.

அப்பா போட்டது நல்லெண்ணெய். சாமி விளக்குக்கு வாங்கும் போத்தலிலிருந்தே ஒரு சிறு குப்பியில் ஊற்றி வைத்திருப்பார். கோழி இறகில் தொட்டுத் தடவுவார். அப்பா செய்ததைப் பார்த்து நானும் அதையே செய்து வந்தேன். கான்வாஸ் உறைக்குள் போட்டு, பூட்டிய இரும்பு அலமாரியில், கட்டை கீழேயும் குழல்வாய் மேலேயுமாக நிறுத்தி வைக்கிறோம்.

பட்டறை மண்டோர் (ஈப்போ)

தம்பி, நீங்கள் பார்த்துச் சொன்ன முறை மிகவும் நன்றாக இருக்கிறது. பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. நான் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் கையாளாக இருந்தவன்; இப்போது ஓய்வில் இருக்கிறேன்.

ஒன்றே ஒன்று பாருங்கள். அந்த நான்கு வெற்று ஓடுகளையும் எறிந்துவிடவில்லை என்றால், எந்தக் குழலில் சுட்டது எது என்று அடையாளம் தெரிந்தால், ஒவ்வொன்றின் அடியிலும் நடுவில் இருக்கும் கேப்பை, அதாவது ஊசி குத்தியதும் தீப்பிடிக்கும் சிறு உலோக மூடியை, பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். ஊசி குத்திய பள்ளம் எந்த வடிவத்தில் இருக்கிறது? நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் கண் அதையே தேடும். பதில் வரும் வரை அந்தத் துப்பாக்கியில் தோட்டா போட வேண்டாம். பன்றி இரண்டு கன்றைத் தின்றாலும் பரவாயில்லை.

ஆறு ஏக்கர்

ஓடுகளைப் பத்திரமாக வைத்திருந்தேன். சுட்ட கையோடு இட, வல என்று மார்க்கர் பேனாவால் எழுதியும் வைத்திருந்தேன்.

இடக்குழல் ஓடுகள் இரண்டிலும் பள்ளம் வட்டமாக, மிளகு ஒன்றை மெழுகில் அழுத்தி எடுத்தது போல இருக்கிறது. வலக்குழல் ஓடுகள் இரண்டிலும் அப்படி இல்லை. பள்ளம் ஆழமாக இருக்கிறது. அதன் ஓரத்திலிருந்து கேப்பின் விளிம்பை நோக்கி ஒரு கீறல் வால் போல நீண்டு மெலிந்து முடிகிறது. என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, ‘கமா போட்ட மாதிரி இருக்கிறது அப்பா’ என்றாள். ஓர் ஓட்டில் கீறலின் முனையில் மெல்லிய செம்புச் சுருள் ஒன்றுகூட ஒட்டிக்கொண்டிருந்தது. கேப்பு எதுவும் தட்டையாக நசுங்கியதாகவோ வெளியே பிதுங்கியதாகவோ தெரியவில்லை.

பட்டறை மண்டோர்

அதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் துப்பாக்கியில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் மூலம் ஒன்றே. ஆனால் ஒன்று தொல்லை, மற்றொன்று ஆபத்து.

தொல்லையை முதலில் முடித்துவிடுகிறேன். சாமி விளக்கை ஒரு மாதம் துலக்காமல் விட்டால் அதன் அடியில் பழுப்பு நிறத்தில் விரலில் ஒட்டும் பிசுக்குப் படியும் அல்லவா? புளி போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுத் தடித்துப் பிசினாகும் இயல்புடையது. போல்ட் வழுக்கி ஓடும் தடத்திலும் நெம்புகோலின் தண்டிலும் பல ஆண்டுகளாக அந்தப் பிசின் படிந்திருக்கிறது. வில் தள்ளியும் போல்ட் முன்னே போகாமல் பாதி வழியில் நிற்பது அதனால்தான். ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் பிசினை இளக்கியது. அது ஆவியானதும், இளகிய பிசின் இன்னும் உள்ளே போய் உறைந்தது. உங்களுடைய இரண்டு நாள் சுகத்தின் விளக்கம் அதுதான்.

இப்போது ஆபத்து. குதிரை வெளியே தெரிகிற துப்பாக்கிகளில், குதிரை அடிப்பது ஊசியின் பின்தலையை. ஊசி முன்னே பாய்ந்து கேப்பைக் குத்தியதும், அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய வில் அதை உடனே பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். உங்கள் வல ஊசி பின்வாங்கவில்லை. சுட்ட பிறகும் அதன் முனை கேப்பின் பள்ளத்துக்குள் ஆணி அடித்தது போல நிற்கிறது. மடங்கும் குழல் ஓட்டையும் தன்னோடு சுமந்து செல்வதால், அந்த முனை கேப்பை உழுதுகொண்டேதான் விடுபட வேண்டும். நீங்கள் கேட்ட ‘டக்’ சத்தமும், மகள் பார்த்த கமாவும் அதுதான். கிராணி ஐயா சொன்ன போல்ட்டுக்கும் பெர்த் தம்பி சொன்ன அழுத்தத்துக்கும் இந்த வாலோடு தொடர்பு இல்லை. அழுத்தம் மிகுந்திருந்தால் கேப்பு தட்டையாகியிருக்கும். இரண்டு குழலிலும் ஒரே தோட்டா போட்டிருப்பதால் இடக்குழலிலும் அதன் தடயம் தெரிந்திருக்கும்.

உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறது. துப்பாக்கியைக் காலியாக்கி, திறந்து, இரண்டு குதிரைகளையும் பின்னுக்கு நிறுத்துங்கள். ஊசித் துளைகள் இருக்கும் செங்குத்து முகத்தில் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் விளிம்பை வைத்து மேலிருந்து கீழே வழுக்குங்கள். ஊசிமுனை முகத்தோடு சமமாகவோ உள்ளே தாழ்ந்தோ இருந்தால் அட்டை தடங்கலின்றி இறங்கும். நீட்டிக்கொண்டிருந்தால் தட்டும்.

தட்டினால், மூடும்போதும் இதே ஊசிமுனை அங்கே காத்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். உயிர்த்தோட்டாவோடு நீங்கள் குழலை வேகமாக மூடும்போது கேப்பு நேராகப் போய் அந்த முனையில் மோதும். விசையை யாரும் தொட வேண்டியதில்லை.

தமிழாசிரியை (லிந்தாங்)

நான் துப்பாக்கி பிடித்தவள் அல்லள். ஆனாலும் மண்டோர் அண்ணன் கடைசியாக எழுதியதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் படிவம் இரண்டில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் இது நடந்தது. அப்பா தோட்டக் காவலில் இருந்தார். மாலை ஆறு மணி இருக்கும். வாசல் படியில் நின்று, தோட்டா இரண்டைப் போட்டு, குழலை மூடினார். மூடிய கணமே வெடித்துவிட்டது. அப்பா எப்போதும் குழலைத் தரையை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, கட்டையை மேலே உயர்த்தி மூடுவார். குழலை மேலே தூக்கி மூடவே மாட்டார். அதனால் வெடி அவர் காலுக்கு இரண்டடி முன்னால் மண்ணில் இறங்கியது. அந்த இடத்தில் ஒரு சட்டி அளவுக்குக் குழி. ஐந்து நிமிடங்களுக்கு முன்னால் அதே இடத்தில் என் தம்பி கோலி ஆடிக்கொண்டிருந்தான். அம்மா குளிக்கக் கூப்பிட்டதால் உள்ளே போயிருந்தான்.

அப்பா விசையில் விரல் வைத்துவிட்டார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவர் இல்லை என்று எத்தனையோ முறை சொன்னார். யாரும் நம்பவில்லை. கடைசிக் காலம் வரை அவருக்கு அந்தக் குறை இருந்தது. அந்தத் துப்பாக்கியும் சில மாதங்களாகவே திறக்க முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் குழலின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்து உதவுவேன். இன்றுதான் எனக்குக் காரணம் புரிகிறது.

தயவு செய்து அதில் இனி தோட்டா போடாதீர்கள்.

பழைய கிராணி

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அவர் தந்தை சொன்னது உண்மையாகவே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மண்டோரின் கணிப்பை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. கான்வாஸ் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்த குழலின் தோட்டா அறையில் துருக்குழிகள் விழுந்திருக்காதா? வெடிக்கும்போது ஓடு விரிந்து அந்தக் குழிகளைக் கவ்விக்கொண்டால் அதுவும் திறப்பதைத் தடுக்குமே. ஈரத்தில் உப்பிய பழைய தாள் தோட்டாக்களும் இப்படிச் சிக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைச் செப்பனிடுபவருக்கும் தனி உரிமம் வேண்டும். மோட்டார் பட்டறை நண்பர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், துப்பாக்கியை அவரிடம் விட்டுவிட்டு வந்தால் அவர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடுவார். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் அதற்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் இருக்கின்றன. நல்லெண்ணத்தில் உதவ வந்த மனிதரை அந்த நிலைக்குத் தள்ளக் கூடாது.

பட்டறை மண்டோர்

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. வேறுபாடு குழல் எந்த இடத்தில் மறுக்கிறது என்பதில் இருக்கிறது. ஓடு அறையைக் கவ்வியிருந்தால், குழல் முதலில் கொஞ்சம் தாராளமாக மடங்கும். ஓட்டை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் எழத் தொடங்கும் இடத்தில்தான் பாரம் ஏறும். முழுதாகத் திறந்த பிறகும் ஓடு கைக்கு வராது, உள்ளேயிருந்து குச்சியால் தள்ள வேண்டியிருக்கும். தம்பியின் துப்பாக்கி முதல் மயிரிழையிலேயே மறுக்கிறது. விடுபட்ட பின் ஓடு தானாக வருகிறது. ஆகவே அறை குற்றவாளி அல்ல. ஆனாலும் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டியதுதான்.

பெர்த் பயணி

மண்டோர் ஐயா, நான் தோட்டாவைக் குறை சொன்னது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே தோட்டா, இரண்டு குழல், ஒன்றில் மட்டும் கோளாறு என்ற விவரம் வந்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் எழுத்தைப் படித்த பிறகு என் ரைஃபிளின் போல்ட்டையும் கழற்றி உள்ளே பார்த்தேன். ஊசியின் வில்லில் பழைய எண்ணெய் மண்டியாகப் படிந்திருந்தது. அதைக் கரைப்பானில் கழுவித் துடைத்துக் காயவைத்து, ஏறக்குறைய உலர்வாகவே திரும்பப் போட்டிருக்கிறேன்.

ஆறு ஏக்கர்

இரண்டு வாரம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். எல்லாம் முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

மண்டோர் அண்ணன் சொன்ன அன்றே அட்டையை வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் வழுக்கி இறங்கியது. வலப்பக்கம் தட்டி நின்றது. மூங்கில் குச்சியால் ஊசிமுனையை மெல்ல உள்ளே தள்ளினால் போனது. குதிரை மறுபடி அடித்த பிறகு திரும்பி வரவில்லை. ஆறேழு முறை செய்தும் ஒரே முடிவுதான்.

மறுநாள் காவல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு, உரிமப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஈப்போவில் உரிமம் பெற்ற செப்பனிடுபவரிடம் போனேன். தோட்டா எதையும் உடன் கொண்டு போகவில்லை, வெற்று ஓடுகளை மட்டும் ஒரு தாளில் மடித்துக் கொண்டு போனேன். பெரியவர் ஓட்டின் வாலைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. ஊசியைப் பிடித்திருக்கும் திருகாணியின் மெல்லிய வெட்டுக்கு ஏற்றாற்போலத் தீட்டிய திருப்புளியை எடுத்துக் கழற்றினார். ஊசி வெளியே வரவே மறுத்தது. மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் ஊறவைத்த பிறகு வந்தபோது, காய்ந்து கறுத்த பலாப்பால் போன்ற ஒன்று அதைச் சுற்றி உறையாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் சுருள் சுருளாக வந்தது. அதற்கு நடுவே வில் இரண்டு துண்டாக உடைந்து கிடந்தது. இட ஊசியின் வில் உடையவில்லை. ஆனால் அதிலும் அதே பிசின் படியத் தொடங்கியிருந்தது. முன்விசையையே நான் எப்போதும் இழுப்பதால் வலப்பக்கம் முந்திக்கொண்டது என்றார்.

இரண்டு வில்லும் ஒரு ஊசியும் புதிதாகச் செய்து போட்டார். போல்ட்டையும் அதன் தடத்தையும் கழுவித் துடைத்து, துப்பாக்கிக்குரிய மெல்லிய எண்ணெயைக் குச்சி நுனியில் தொட்டு வைத்தார். கீலாணியில் மட்டும் பயறளவு கிரீஸ். கிராணி ஐயா ஐயப்பட்டது போல வல அறையில் மேலோட்டமான துருவும் இருந்தது, வெண்கலத் தூரிகையில் போய்விட்டது. போல்ட்டின் சரிவு முகத்தைக் காட்டி, இதில் தேய்மானமே இல்லை என்றார். அதில் அரம் போட எண்ணியிருந்ததை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று அதே மண்மேட்டில் சுட்டுப் பார்த்தேன். முதலில் ஒரு குழலில் மட்டும் தோட்டா போட்டு, குழல் தரையைப் பார்க்க, கட்டையை உயர்த்தி மெதுவாக மூடினேன். ஆசிரியை அக்காவின் அப்பாவை நினைத்துக்கொண்டேன். இரண்டு குழலையும் சுட்ட பிறகு, நெம்புகோலைக் கட்டைவிரலால் தள்ளினேன். குழல் தன் பாரத்திலேயே மடங்கியது. நான்கு ஓட்டிலும் பள்ளம் வட்டமாக இருக்கிறது. மகளிடம் காட்டினேன், ‘இப்போது முற்றுப்புள்ளி’ என்றாள்.

ஒரே ஒரு ஐயம். அலமாரியில் எப்படி வைப்பது என்று பெரியவரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

பட்டறை மண்டோர்

கான்வாஸ் உறையை வெளியே எடுத்துவிடுங்கள். அது தூக்கிப் போவதற்கு மட்டும். மழையில் நனைந்த நாளில் துடைத்து, காற்றாட ஓர் இரவு உங்கள் கண்பார்வையில் பூட்டிய அறையில் விட்டு, பிறகு அலமாரியில் வையுங்கள். குழல்வாய் கீழேயும் கட்டை மேலேயுமாக நிறுத்துங்கள், வாய்க்கு அடியில் மடித்த துணி இருக்கட்டும். இத்தனை நாளும் கட்டை கீழே இருந்ததால் குழலில் தடவிய எண்ணெயெல்லாம் வழிந்து ஊசித் துளைக்கும் போல்ட்டுக்கும் மரத்துக்கும்தான் இறங்கியிருக்கிறது. கட்டையின் கழுத்துப் பகுதி கறுத்து மென்மையாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆறு ஏக்கர்

கறுத்துத்தான் இருக்கிறது, ஆனால் நகம் இறங்கவில்லை. துணியை மடித்துப் போட்டுத் தலைகீழாக நிறுத்திவிட்டேன். நல்லெண்ணெய்க் குப்பியைச் சாமி அறைக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

தமிழாசிரியை

தம்பி, அந்த வால் விழுந்த ஓடுகளில் ஒன்றை எனக்குத் தர முடியுமா? அம்மாவுக்கும் தம்பிக்கும் காட்ட வேண்டும்.

ஆறு ஏக்கர்

ஞாயிற்றுக்கிழமை லிந்தாங் பக்கம் வருகிறேன், அக்கா. செம்புச் சுருள் ஒட்டியிருக்கும் ஓட்டை உங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.